பல்லைத் தட்டிக் கையில் கொடுத்த பிறகு

“பல்லைத் தட்டிக் கையில கொடுத்துடுவேன்.”

இந்த வசவைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் எங்கள் காலனியில் யாரும் இல்லை. கூலி கூடக் கேட்டால் சொல்வார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரே சொல்லியிருக்கிறார். கேட்டுக் கேட்டு அது வெறும் பேச்சு என்றே நினைத்திருந்தோம்.

2022 பங்குனித் திருவிழா இரவில் அது பேச்சோடு நிற்கவில்லை. எங்கள் மாலை நேரப் படிப்பகத்தில் படித்த தம்பி ஒருவன் ஊர்த்தெரு வழியாக வண்டியில் வந்தான். அதற்காக நான்கு பேர் வழிமறித்து, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி, உருட்டுக்கட்டையால் வாயிலேயே அடித்தார்கள். மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் விழுந்தன. பக்கத்துப் பல் பாதியாக உடைந்தது. அவனுக்கு அப்போது வயது 20. விழுந்த பற்களை இருட்டில் தடவி எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காலனிக்குள் நடந்து வந்தான்.

வழக்கைப் பற்றி வேறு இடங்களில் பேசியிருக்கிறோம். இங்கே பல்லைப் பற்றிப் பேசப்போகிறோம். நிலம், கூலி, கோயில், சுடுகாடு என்று எத்தனையோ அரசியல் வகுப்பு நடத்தியிருக்கிறோம். ஒரு பல் உடைந்தால் என்ன செய்வது என்று எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரியாததால் இழந்தது கொஞ்சநஞ்சமல்ல. உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம்

தம்பியின் அம்மா அந்தப் பற்களை வாங்கி, மண் ஒட்டியிருக்கிறதே என்று சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, காகிதத்தில் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். மருத்துவமனை அவசரப் பிரிவில் உதட்டுக்குத் தையல் போட்டார்கள். ஊசி போட்டார்கள். பல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. விழுந்த பல் விழுந்ததுதானே என்று இருந்துவிட்டோம்.

ஆறு வாரம் கழித்து, பி.டி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கும் எங்கள் படிப்பகத்துத் தங்கை விடுமுறைக்கு வந்தாள். எங்கள் காலனியிலிருந்து பல் மருத்துவம் படிக்கப் போன முதல் பெண். விவரம் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“அந்தப் பல்லைத் திரும்ப அதே குழியில வச்சிருக்கலாம்ணா. எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?”

அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. அதில் உள்ள செல்கள் உயிரோடு இருந்தால், விழுந்த பல்லைக் குழியில் திரும்ப வைத்துப் பிழைக்க வைக்க வாய்ப்பு உண்டு. வெளியே காய்ந்து கிடந்தால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அந்தச் செல்கள் செத்துவிடும். தேய்த்துக் கழுவினால் அப்போதே போய்விடும். அந்த அம்மா அன்போடு செய்த காரியம் இது. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அதனால் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அடியோ விபத்தோ, பல் முழுசாக விழுந்தால் வெள்ளையாகத் தெரியும் பக்கத்தைப் பிடித்து எடுங்கள். வேர்ப் பக்கம் தொடாதீர்கள். மண் இருந்தால் சுத்தமான தண்ணீரில் சில நொடி மட்டும் அலசுங்கள். தேய்க்கக் கூடாது. அடிபட்டவர் நினைவோடு இருந்தால் அதே குழியில் மெல்ல வைத்து, ஒரு துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போடுங்கள். பால் இல்லாவிட்டால் அவருடைய எச்சிலிலேயே ஊறும்படி வையுங்கள். தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போய்விட வேண்டும். அவர் பல்லைப் பொருத்தி, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் சுமார் இரண்டு வாரம் பிணைத்து வைப்பார். குழந்தைகளின் பால் பல்லுக்கு மட்டும் இது பொருந்தாது. அதைத் திரும்ப வைக்கக் கூடாது.

டீக்கடை இருக்கிற ஊரில் பாலுக்குப் பஞ்சமில்லை. எங்களுக்குப் பஞ்சமாக இருந்தது இந்த நான்கு வரி விவரம்தான்.

எளிய காயமா, கொடுங்காயமா

அன்று இரவு நாங்கள் விட்ட இன்னொரு தவறு ஏ.ஆர். காப்பி. மருத்துவமனையில் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல் அது. “உதட்டில் கிழிந்த காயம்” என்று எழுதியிருந்தார்கள். பல் என்ற சொல்லே இல்லை. அதை வைத்துக் காயச் சான்றிதழில் “எளிய காயம்” என்று போட்டார்கள். காவல் நிலையத்திலும் அதற்குரிய பிரிவையே போட்டார்கள்.

சட்டம் பல்லைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. கொடுங்காயம் என்றால் என்ன என்பதற்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு எட்டு வகைகளைச் சொன்னது. கண்பார்வை போவது ஒன்று, காது கேட்காமல் போவது ஒன்று. ஏழாவது வகை, எலும்போ பல்லோ முறிவது அல்லது பெயர்வது. ஒரே ஒரு பல் உடைந்தாலும் அது கொடுங்காயம். எளிய காயத்துக்கு 323ஆம் பிரிவில் அதிகபட்சம் ஓராண்டு தண்டனை. கொடுங்காயத்துக்கு 325ஆம் பிரிவில் ஏழாண்டு வரை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இது அப்படியே இருக்கிறது. 116ஆம் பிரிவு விளக்கம், 117ஆம் பிரிவு தண்டனை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இணைத்த அட்டவணையில் எளிய காயமும் உண்டு, கொடுங்காயமும் உண்டு. எது எழுதப்படுகிறதோ அதற்கேற்ற தண்டனை. ஆக, பல் என்ற ஒரு சொல்லை எழுதாமல் விட்டால் ஏழாண்டு ஓராண்டாகிவிடும்.

தங்கை சொல்லித்தான் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு குழிகள் காலி. மூன்றாவது பல் உடைந்து நரம்பு வரை திறந்திருக்கிறது. பல் மருத்துவரின் எழுத்துப்பூர்வமான கருத்தை வாங்கி, விசாரணை அதிகாரிக்கு மனு கொடுத்தோம். மூன்று மனுவுக்குப் பிறகு பிரிவை மாற்றினார்கள். அம்மா முந்தானையில் முடிந்து வைத்த அந்தக் காகிதப் பொட்டலம் அப்போதுதான் உதவியது. வாயில் வைக்க முடியாமல் போன பற்கள் சான்றாக நின்றன.

“பிடுங்கிடலாம்”

உடைந்த மூன்றாவது பல்லை என்ன செய்வது? கல்லூரிக்குப் போவதற்கு முன் வேறொரு மருத்துவமனையில் கேட்டபோது ஒரே வார்த்தையில் பதில் வந்தது. “பிடுங்கிடலாம்.”

இது எங்கள் மக்கள் காலம் காலமாகக் கேட்டுவரும் பதில். எங்கள் பெரியம்மா ஒருவர் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். நாற்றம் தெரியாமல் இருக்கப் புகையிலையை அடக்கிக்கொண்டு வேலை செய்தவர். சாக்கடைக்குள் இறங்குகிற பலரும் அப்படித்தான் தாக்குப்பிடிக்கிறார்கள். சொத்தை வந்தால் விடிய விடிய வலி. மறுநாள் லீவு போட்டால் சம்பளம் போய்விடும். வலி தாங்க முடியாத அன்று மருத்துவமனை, வரிசை, ஊசி, பிடுங்கல். மதியம் திரும்ப வேலை. இப்படியே 50 வயதுக்குள் அவர் வாயில் பாதிக்கு மேல் காலி. “காப்பாத்த வழி இருக்கு, பார்க்கலாமா” என்று ஒரு தடவைகூட ஒருவரும் கேட்டதில்லை என்கிறார்.

பிடுங்குவதற்கு முன்னால் எத்தனை படிகள் இருக்கின்றன என்று தங்கை எங்களுக்கு ஒரு நோட்டில் வரைந்து காட்டினாள்.

சொத்தை மேலாக இருந்தால் அடைத்தால் போதும். அதற்குப் பொருள்கள் பல. முன்பு அதிகம் வைத்தது பாதரசமும் வெள்ளியும் கலந்த கறுப்பு அடைப்பு. இப்போது பல் நிறத்திலேயே கம்போசிட் இருக்கிறது. நீல ஒளி காட்டி இறுக வைப்பார்கள். கிளாஸ் அயனோமர் என்ற சிமென்டும் இருக்கிறது. பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும், ஃப்ளோரைடைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும், மின்சாரமோ பெரிய கருவியோ இல்லாத இடத்திலும் வைக்கலாம். கையால் சொத்தையைச் சுரண்டி இந்த சிமென்டை வைக்கும் முறையை 1980களில் தான்சானியாவில் உருவாக்கினார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே சேர்த்தது. அதாவது, இது ஏழை நாட்டின் ஏழைக் கிராமத்திலும் கிடைக்க வேண்டிய பொருள்.

சொத்தையோ உடைப்போ நரம்பு வரை போய்விட்டால் வேர் சிகிச்சை. நாம் ரூட் கேனல் என்போம். உள்ளே கெட்டுப்போன நரம்பையும் சதையையும் எடுத்து, வேருக்குள் இருக்கும் கால்வாய்களைச் சுத்தம் செய்து, குட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பொருளால் நிரப்புவார்கள். முன்பல்லில் பெரும்பாலும் ஒரு கால்வாய்தான். கடைவாய்ப் பல்லில் மூன்று, நான்கு இருக்கும். அதனால்தான் கடைவாய்க்கு நேரமும் செலவும் கூடுதல். இந்தச் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல் கடிக்கும்போது பிளந்துவிடலாம். அதற்கு மேலே கேப் போட வேண்டும். உலோகக் கேப் மலிவு, உறுதி. உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது நடுத்தர விலை. முழுக்க ஜிர்கோனியாவில் செய்வது விலை அதிகம். பின்னால் மறைவாக இருக்கும் பல்லுக்கு உலோகமே போதும். “விலை கூடினதுதான் நல்லது” என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

தம்பியின் மூன்றாவது பல்லுக்குக் கல்லூரியில் வேர் சிகிச்சை செய்து கேப் போட்டார்கள். பிடுங்கச் சொன்ன பல் இன்றும் அவன் வாயில் இருக்கிறது.

போன இடத்தில் என்ன வைப்பது

விழுந்த இரண்டு பற்களுக்கு முதலில் ஒரு தனியார் கிளினிக்கில் விசாரித்தோம். மூன்று விலை சொன்னார்கள். இம்ப்ளான்ட் இரண்டுக்கு 60,000 ரூபாய். பிரிட்ஜ் என்றால் 16,000. கழற்றி மாட்டும் பல் 2,000. தம்பியின் அப்பாவுக்கு வேலை கிடைக்கும் நாளில் கூலி 600. எங்கள் உண்டியலில் அன்று இருந்தது 3,400.

கழற்றி மாட்டும் பல் என்பது ஈறு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தகடு, அதில் பற்கள், பக்கத்துப் பல்லைப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. மற்ற பற்களைத் தொட வேண்டியதில்லை. கொஞ்சம் ஆடும், கடிக்க வலு குறைவு, இரவில் கழற்றி வைக்க வேண்டும்.

பிரிட்ஜ் என்பது பெயருக்கேற்ற பாலம். காலியிடத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள பற்களைத் தேய்த்துச் சிறிதாக்கி, அவற்றின் மேல் கேப் போட்டு, நடுவில் பொய்ப்பல்லைத் தொங்கவிடுவார்கள். கழற்ற வேண்டியதில்லை. ஆனால் நல்ல பல்லைத் தேய்த்தால் தேய்த்ததுதான், திரும்ப வளராது.

இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் இறக்கும் டைட்டானியம் திருகு. ஸ்வீடனைச் சேர்ந்த பிரேன்மார்க் என்பவர் 1952இல் முயல் எலும்பை ஆராய்ந்தபோது, உள்ளே வைத்த டைட்டானியம் எலும்போடு ஒன்றாகிவிட்டதைக் கவனித்தார். 1965இல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு அந்த முறையில் பல் வைத்தார். திருகு எலும்போடு ஒட்டச் சில மாதங்கள் ஆகும். அதன் பிறகே மேலே பல். பக்கத்துப் பல்லுக்குச் சேதமில்லை. எலும்பு போதுமான அளவு இருக்க வேண்டும். புகைப்பழக்கமும் கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் இருந்தால் தோற்றுப்போக வாய்ப்பு அதிகம்.

“ஒண்ணுமே வைக்காம விட்டா என்ன?” என்று தம்பியே கேட்டான். காலியிடத்தை அப்படியே விட்டால் பக்கத்துப் பற்கள் அந்தப் பக்கம் சாயும். எதிர்வரிசைப் பல் நீண்டு இறங்கும். பல் இல்லாத இடத்தில் தாடை எலும்பு வருடா வருடம் கரையும். கன்னம் ஒட்டிப்போவதற்குக் காரணம் வயது மட்டுமல்ல, இதுவும்தான்.

கல்லூரி மருத்துவமனையில் மூத்த மருத்துவர் ஒருவர் அவன் வயதைப் பார்த்து, “இப்பவே நல்ல பல்லைத் தேய்க்க வேணாம். கழற்றி மாட்டுறதைப் போட்டுக்கோ. பின்னாடி வசதி வரும்போது இம்ப்ளான்ட் பார்த்துக்கலாம்” என்றார். தனியார் கிளினிக்கை விடச் செலவு மிகக் குறைவு. நான்கு முறை போய்வந்தோம். நாலாவது முறை பல்லை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவன், பேருந்து நிலையக் கண்ணாடிக் கடை முன்னால் வெகுநேரம் நின்றான். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

அந்த விலைப்பட்டியல் எங்களுக்கு மறக்கவில்லை. பல் எப்போதும் காசு உள்ளவர் பக்கமே போயிருக்கிறது. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணைக் கணக்கில் 1784 மே மாதத்தில் ஒரு வரி இருக்கிறது. ஒன்பது பற்களுக்காகக் கறுப்பின மக்களுக்குக் கொடுத்த பணம். அவர் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்கள் அவர்கள். வாஷிங்டனின் பல் செட்டுகளில் மனிதப் பற்களும் இருந்தன. 1815இல் வாட்டர்லூ போர்க்களத்தில் செத்துக்கிடந்த சிப்பாய்களின் பற்களைப் பிடுங்கிப் பல் செட்டு செய்து பணக்காரர்களுக்கு விற்றார்கள். இன்று யாரும் நம் பல்லைப் பிடுங்கி விற்பதில்லை. நம் பல்லைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடுகிறார்கள்.

பெரியம்மாவின் செட்டு

தம்பியோடு துணைக்கு வந்த பெரியம்மா ஒருநாள், “எனக்கும் கேட்டுப் பாரேன்” என்றார். மிச்சமிருந்த பற்களும் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்து, புண் ஆறக் காத்திருந்து, மேலும் கீழும் முழு செட்டுக்கு அளவு எடுத்தார்கள். முதலில் ஈறின் அச்சு. பிறகு மெழுகில் கடி அளவு. பிறகு மெழுகிலேயே பல்லை வைத்து ஒத்திகை. கடைசியில் செட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போனது. செட்டுக்கான கட்டணத்தை விட அந்தக் கூலி இழப்புதான் அதிகம். இலவச சிகிச்சை என்று சொல்லும்போது இந்தக் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

மேல் செட்டு அண்ணத்தில் உறிஞ்சிப் பிடித்து நின்றது. கீழ் செட்டு நாக்கு அசைந்தால் எழும்பியது. கீழ் செட்டு எல்லோருக்குமே அப்படித்தான், பழக வேண்டும் என்றார்கள். முதல் சில நாள் மெதுவானதைச் சாப்பிடச் சொன்னார்கள். பெரியம்மா இரண்டாம் நாளே மாட்டுக்கறி எடுத்துவரச் சொல்லிவிட்டார்.

“கறியைக் கடிச்சுத் தின்னு ஏழு வருஷமாச்சுடா. சாறு மட்டும் குடிச்சிக்கிட்டுக் கிடந்தேன்.”

ஈறு புண்ணாகிவிட்டது. திரும்பப் போய் உறுத்தும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்து வந்தோம். திட்டு வாங்கியது நாங்கள். பெரியம்மா சிரித்துக்கொண்டிருந்தார். செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், வெந்நீர் கூடாது, சில வருடங்களுக்கு ஒருமுறை எலும்பு கரைவதற்கேற்ப மாற்ற வேண்டும் என்பதெல்லாம் இப்போது அவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். ஆனால் அவருக்கு 35 வயதில் இரண்டு அடைப்பும் ஒரு வேர் சிகிச்சையும் கிடைத்திருந்தால் இந்தச் செட்டே தேவைப்பட்டிருக்காது. அதை நினைத்தால்தான் கோபம் வருகிறது.

தண்ணீர் தின்ற பல்

எங்கள் படிப்பகத்துக்கு விடுதியிலிருந்து வரும் தோழர் ஒருவர் தருமபுரி மாவட்டத்துக்காரர். பொறியியல் படித்தவர். பல் முழுக்கப் பழுப்புக் கறை, சில இடத்தில் குழி. வேலைக்கான நேர்காணலில், “நீங்க பல்லு விளக்க மாட்டீங்களா?” என்று கேட்டிருக்கிறார்கள். அவர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை விளக்குகிறவர்.

அது அழுக்கு இல்லை, ஃப்ளோரோசிஸ். பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வரும் ஃப்ளோரைடு ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. அதற்கு மேல் உள்ள தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தைக்கு, ஈறுக்குள் பல் உருவாகும்போதே எனாமல் கெட்டுவிடும். ஏறக்குறைய எட்டு வயதுக்குள் முடிந்துவிடும் காரியம் அது. பிறகு எந்தப் பற்பசையும் மாற்றாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இது பெரும் பிரச்சனையாக இருந்ததால்தான், ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் தொடங்கிவைத்தார்கள். திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது என்று இருக்கிறது. காவிரித் தண்ணீர் வந்த பிறகு பிறந்த குழந்தைகளுக்கு வாய்ப்பு இருக்கிறது. அதற்கு முன் பிறந்த நம் தோழர், காலனியின் ஒரே கைப்பம்பில் குடித்து வளர்ந்தவர்.

நிலத்தடி நீர் சாதி பார்ப்பதில்லை. ஊரில் எல்லோருக்கும்தான் கறை. ஆனால் குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் வருகிறது, கேன் தண்ணீர் யாரால் வாங்க முடிகிறது, கறையை மறைக்க யாரிடம் காசு இருக்கிறது என்பதில் சாதி இருக்கிறது. 1927இல் மகாத் சவுதார் குளத்தில் அண்ணல் தண்ணீர் அள்ளிக் குடித்தார். எந்தத் தண்ணீர் யாருக்கு என்ற கேள்வி இன்னும் முடியவில்லை.

சிகிச்சைக்கு வருவோம். லேசான கறை என்றால் எனாமலின் மேல்பரப்பை மருந்து வைத்து மெல்லத் தேய்த்து எடுக்கலாம். ஆழமான கறைக்கு மேலே கம்போசிட் பூசலாம். அதற்கும் மேல் பீங்கான் வில்லை அல்லது கேப். தோழர் முன்பற்கள் ஆறுக்குக் கம்போசிட் பூசிக்கொண்டார். “நான் எதையும் மறைக்கலை. வேலைக்குப் போகணும், அவ்வளவுதான்” என்றார். எங்களில் சிலருக்கு முதலில் இதில் தயக்கம் இருந்தது. அழகுக்காகச் செலவு செய்வதா என்று கேட்டோம். அந்தக் கேள்விக்கு இப்போது வெட்கப்படுகிறோம். சட்டை கிழிந்தால் தைப்பதை யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை.

கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டில் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறதா, மருத்துவர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, வேர் சிகிச்சை செய்கிறார்களா, போன வருடம் எத்தனை பல் பிடுங்கினார்கள், எத்தனை பல்லைக் காப்பாற்றினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கடைசி இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அதுவே ஒரு துண்டறிக்கை.

நாற்காலியில் உட்காரும்போது, “பிடுங்காம காப்பாத்த வழி இருக்கா, டாக்டர்?” என்று ஒரு தடவையாவது கேளுங்கள். சில பல்லைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். அதை அவர் விளக்கட்டும்.

அடிதடி வழக்கென்றால், வாயில் அடிபட்டதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பியில் பல் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். பல் மருத்துவர் கருத்தும் எக்ஸ்ரேயும் கேளுங்கள். உடைந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 11ஆம் விதி, பாதிக்கப்பட்டவரின் பயணப்படியோடு மருந்துக்கும் சிறப்பு மருத்துவ ஆலோசனைக்கும் ஆன செலவைத் திரும்பத் தரச் சொல்கிறது. கேட்காமல் வராது.

கையை எடுத்துவிட்டு

“பல் போனால் சொல் போச்சு” என்பது பழமொழி. ‘த’வும் ‘ந’வும் மேல்வாய்ப் பல்லில் நாக்கு பட்டுப் பிறக்கிற எழுத்துகள். பல் போன அந்த ஆறு மாதமும் தம்பி தன் பெயரைச் சொல்லவே கூச்சப்பட்டான். வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசினான். ராணுவத்துக்குப் போவதற்காகத் தினமும் விடியலில் ஓடிக்கொண்டிருந்தவன். தேர்வில் பல்லுக்கும் கணக்கு உண்டு, குறைந்தது 14 டென்டல் பாயின்ட் வேண்டும் என்று யாரோ சொன்னதும், போய்க் கேட்டுப் பார்க்காமலேயே ஓடுவதை நிறுத்திவிட்டான். அந்த நான்கு பேர் உடைத்தது மூன்று பல்லை மட்டுமல்ல.

சாட்சி சொல்லக் கூண்டில் ஏறியபோது புதுப் பல் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் பழக்கத்தில் கை வாய்க்குப் போய்விட்டது. நீதிபதி, “கையை எடுத்துட்டுப் பேசுங்க, கேட்கலை” என்றார். எடுத்தான். எதிர்த்தரப்பில் அந்த நான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அடித்தவர்கள் யார், என்ன சொல்லித் திட்டினார்கள், பல் எந்த இடத்தில் விழுந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். எழுத்தர் ஒரு சொல்லையும் திரும்பக் கேட்கவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. அவன் இப்போது சிறைக்காவலர் தேர்வுக்குப் படிக்கிறான். மறுபடி ஓட ஆரம்பித்திருக்கிறான்.

எங்கள் படிப்பகச் சுவரில் அண்ணலின் படத்துக்குக் கீழே, பிள்ளைகள் கண்ணில் படுகிற உயரத்தில், இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறோம். பக்கத்தில் தங்கையின் தொலைபேசி எண்.

விழுந்த பல்லைப் பாலில் போடு.
ஏ.ஆர். காப்பியைப் படித்துப் பார்.

உங்கள் தெருவிலும் எழுதி வையுங்கள்.

ஜெய்பீம்.